தாது வருஷத்து மேற்றிராணியார்: புதுச்சேரியின் முதல் பேராயர் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூரில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு டிக்கெட் எடுத்தால் இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான் பயணம். அதற்குள் முள்ளோடையில் ஒரு தடவை புதுச்சேரி வந்துவிடும். ரெட்டிச்சாவடியில் திரும்பவும் தமிழ்நாடு. தவளக்குப்பம் தாண்டும்போது மறுபடியும் புதுச்சேரி. சாராயக்கடைப் பலகைகளை வைத்துத்தான் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்தச் சாலையில் சின்ன வயதிலிருந்து போய்வருகிற எனக்கு, எங்கள் பங்கின் ஞானஸ்நானச் சான்றிதழில் அச்சிட்டிருக்கும் 'புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டம்' என்ற பெயர் ரொம்ப நாள் வரை ஒரு கேள்வியாகவே படவில்லை. அக்கம்பக்கத்து ஊர்கள், சேர்த்துப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்படி இல்லை. 1886-இல் ரோமாபுரி இங்கே ஒரு பேராயர் நாற்காலி போட்டபோது பெயர் புதுச்சேரி மட்டும்தான். கடலூர் அதில் சேர்ந்தது 1953-இல், 67 வருஷம் கழித்து. ஆனால் பேராயர் பதவியைக் கொண்டுவந்து சேர்த்த சனம் ஆரம்பத்திலிருந்தே பெரும்பாலும் கடலூர்ப் பக்கத்துச் சனம்தான். முதல் பேராயர் பிரான்சுவா ழான் மரி லவுவெனானின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டால் இது எப்படி நடந்தது என்று பார்க்கலாம். அவருக்குப் பதவி வந்தபோது அவர் செய்த பெரிய வேலைகள் எல்லாம் முடிந்துபோயிருந்தன. ஆகவே இந்த ஆய்வு 1886-க்குப் பின்னால் போவதைவிட முன்னால்தான் அதிகம் போகும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் பிரான்சின் வடமேற்கு மூலையில் உள்ள பிரெத்தாஞ் பகுதிக்காரர். 1822 நவம்பரில் லானியோன் என்ற ஊரில் பிறந்தவர். அந்தப் பகுதியின் சொந்த மொழியான பிரெத்தோனில் 'லவுவென்' என்றால் மகிழ்ச்சி. 1876-77-இன் தாது வருஷப் பஞ்சத்தில் மறைப்பணி நடத்தியவருக்கு இப்படி ஒரு பெயர்.

வாலிபத்தில் பார்த்தது

பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த குருவாக 1846-இல் புதுச்சேரிக்கு வந்தார். அந்தச் சபை புதுச்சேரி மிஷனுக்குப் பொறுப்பேற்றது 1776-இல். சேசு சபையைப் பாப்பரசர் 1773-இல் கலைத்துவிட்டார். அதனால் சேசு சபையார் புதுச்சேரியை மையமாக வைத்து நடத்திய கர்நாடக மிஷன் ஆளில்லாமல் நின்றது. அதை ஏற்றுக்கொண்டவர்கள் பாரிஸ் சபைக்காரர்கள். உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதே தலையாய வேலை என்று சொல்லி ஆரம்பித்த சபை அது. சரி, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அவர் வந்த காலம் நல்ல காலம். புதுச்சேரி மிஷனின் தலைவரான கிளமாந் போனான் ஆண்டகை 1844-இல் புதுச்சேரியில் ஒரு சங்கம் கூட்டி, பள்ளிக்கூடம், பெண் கல்வி, உள்நாட்டுக் குருக்கள் என்று தீர்மானம் போட்டு முடித்த சூடு ஆறாத நேரம். அதே வருஷத்தில் துய்ப்புயி சாமியார் பெண்பிள்ளைகளின் படிப்புக்காகத் தமிழ்க் கன்னியரை வைத்து ஒரு சபை தொடங்கினார். மிஷன் அச்சகம் ஓடிக்கொண்டிருந்தது. 1846-இல் லத்தீன்-பிரெஞ்சு-தமிழ் அகராதி, 1855-இல் தமிழ்-பிரெஞ்சு அகராதி என்று அதிலிருந்து வந்தவற்றைத் தமிழ் ஆராய்ச்சிக்காரர்கள் இன்றைக்கும் தேடுகிறார்கள்.

போனான் ஆண்டகையை ரோமாபுரி இந்தியா முழுவதற்கும் திருத்தூதப் பார்வையாளராக நியமித்தது. ஒவ்வொரு மிஷனாகப் போய்ப் பார்த்து, எங்கே என்ன குறை, யாருக்கும் யாருக்கும் சண்டை என்று அறிக்கை தரும் வேலை. அந்தப் பயணத்தில் கூடப் போனவர் லவுவெனான். போனான் வீடு திரும்பவில்லை. 1861 மார்ச்சில் காசியில் இறந்தார்.

இந்தப் பயணத்தை நான் முக்கியமானதாக நினைக்கிறேன். மற்ற சாமியார்கள் ஒரு பங்கிலோ இரண்டு பங்கிலோ ஆயுளைக் கழித்தபோது, இவர் முப்பத்தெட்டு வயதுக்குள் நாட்டின் கத்தோலிக்கச் சபை எவ்வளவு துண்டு துண்டாகக் கிடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டார். போர்த்துக்கல் அரசருக்குப் பழைய பாப்பரசர்கள் கொடுத்திருந்த ஞான ஆதரவு உரிமையை வைத்து, மயிலாப்பூர் மறைமாவட்டத்துக்காரர்கள் இந்தக் கரையெல்லாம் தங்களுடையது என்றார்கள். ரோமாபுரி நேரடியாக அனுப்பியவர்கள், 'இல்லை, எங்களுடையது' என்றார்கள். பக்கத்துப் பக்கத்துக் கோயில்களுக்கு இரண்டு எசமானர்கள். 1886-இல் என்ன தீர்வு வந்தது என்று பார்க்கும்போது இந்தச் சண்டை இல்லாமல் அது புரியாது.

1868-இல் அவரே புதுச்சேரியின் திருத்தூதப் பதிலாள் ஆயர் ஆனார். இந்தப் பதவியும் ஒரு விசித்திரம். புதுச்சேரி அப்போது முறையான மறைமாவட்டம் இல்லை. ஆகவே அங்கே இருக்கிறவரைப் புதுச்சேரி ஆயர் என்று சொல்ல முடியாது. இன்றைய துருக்கியில் எப்போதோ இருந்து மறைந்த ஃபிளாவியோபோலிஸ் என்ற ஊரின் ஆயர் என்று காகிதத்தில் பட்டம். சனம் இருப்பது தென்னாற்காட்டில், பட்டம் ஆளில்லாத துருக்கி ஊரில், குடியிருப்பது பிரெஞ்சுக் கொடியின் கீழ். 1869-70-இல் வத்திக்கானில் நடந்த பொதுச்சங்கத்தில் உட்கார்ந்ததும் இந்தப் பட்டத்தோடுதான்.

பஞ்சம்

1876-இல் மழை பொய்த்தது. தமிழ்க் கணக்குக்கு தாது வருஷம். எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் ஒன்றும் மிச்சமில்லாத நிலையைச் சொல்ல இன்றும் 'தாது வருஷத்துப் பஞ்சம் மாதிரி' என்பார்கள். 1877-லும் தென்மேற்குப் பருவம் கைகொடுக்கவில்லை. தென்னிந்தியாவில் மட்டும் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்குக் குறையாது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

கடலூர் அப்போது தென்னாற்காடு ஜில்லாவின் தலைநகர், ஆங்கிலேயர் ஆட்சி. 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி கல்கத்தாவிலிருந்து சென்னை மாகாணத்துக்கு வந்து, நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாக் காசும் போதும் என்று வெட்டினார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம் சொச்சம். சென்னை மாகாணத்துச் சுகாதார அதிகாரி கார்னிஷ் இது ஆளைக் கொல்லும் அளவு என்று எழுத்திலேயே எதிர்த்தார். சில மாதம் போராடிய பிறகுதான் கொஞ்சம் கூட்டினார்கள். இதற்கு நடுவில் எத்தனை பேர் முகாமிலேயே விழுந்தார்கள் என்பது வேறு கதை.

அந்த நேரத்தில் தென்னாற்காட்டுச் சேரியில் இருக்கும் ஒரு கூலிக் குடும்பத்தின் இடத்திலிருந்து பாருங்கள். நிலம் அவர்களுடையது இல்லை. விதைப்பு இல்லை என்றால் கூலி இல்லை. மிராசுதார் தன் களஞ்சியத்தைப் பூட்டிவிட்டார். அவர்களுக்கு மூன்று வாசல்தான் திறந்திருந்தது. ஒன்று சர்க்கார் நிவாரண முகாம், அதாவது அந்த ஒரு பவுண்டு. இரண்டாவது புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் நின்ற கூலிக் கப்பல். 1861-இல் இங்கிலாந்தும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஆங்கிலேயர் பகுதி ஆட்களையும் ரெயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றலாம். மூன்றாவது வாசல் சாமியார் பங்களா.

மூன்றாவது வாசலுக்கு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த தர்மப் பணத்தில் கஞ்சித் தொட்டி நடந்தது, அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள், உபதேசியார்கள் கிராமம் கிராமமாக மந்திரம் சொல்லிக்கொடுத்தார்கள். வடக்கே சேத்துப்பட்டை வைத்துக்கொண்டு தராஸ் சாமியார் செய்த வேலை தனியாக எழுத வேண்டியது. பஞ்சத்துக்கு முன் கைவிரலில் எண்ணக்கூடிய கிறிஸ்தவர்கள் இருந்த அந்தப் பகுதி பத்து இருபது வருஷத்தில் பெரிய மிஷன் ஆயிற்று.

'கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள்' என்று இவர்களை அப்போதே ஏளனம் பண்ணினார்கள், இப்போதும் பண்ணுகிறார்கள். சொல்பவர்களின் தாத்தாக்கள் பெரும்பாலும் களஞ்சியம் வைத்திருந்தவர்கள் என்பது என் சொந்தக் கவனிப்பு. பசித்து வந்தார்கள் என்பது உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மழை பெய்து கஞ்சித் தொட்டி மூடிய பிறகும் பலர் போகவில்லை. நாலு தலைமுறை தாண்டி அவர்கள் பேரப்பிள்ளைகள் அதே கோயிலில் பூசை பார்க்கிறார்கள். கஞ்சி மட்டும் காரணம் என்றால் இது நடந்திருக்காது. வாத்தியார், பள்ளிக்கூடம், எசமான் அடித்தால் கலெக்டர் கச்சேரிக்கு எழுதிப்போட ஒரு சாமியார் என்று, அதுவரை அவர்களுக்கு யாரும் தராத சில சங்கதிகள் கூடவே கிடைத்தன.

மிஷன் பக்கத்தையும் முழுக்க வெள்ளையடிக்க மாட்டேன். உயிர் போகிற வேளையில் ஞானஸ்நானம் கொடுத்து, அதை எண்ணிக்கையாக்கி, பிரான்சுக்குச் சந்தோஷமாக எழுதி அனுப்பும் பழக்கம் அந்தக் காலத்து மறைபரப்பு அறிக்கைகள் எல்லாவற்றிலும் உண்டு. இன்றைக்குப் படித்தால் வயிற்றைப் பிசையும்.

வில்லியனூர்

அதே பஞ்ச காலத்தில்தான் வில்லியனூர் லூர்து மாதா கோயில் எழுந்தது. பிரான்சின் லூர்து நகரில் மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்பட்டது 1858-இல். அதற்குப் பதினெட்டு வருஷம் கழித்து, 1876-இல், புதுச்சேரிக்கு மேற்கே பத்துக் கிலோமீட்டரில் அதே மாதா பெயரில் கோயில் வேலை நடந்தது. மறு வருஷம் பிரான்சிலிருந்து சுரூபம் கப்பலில் வந்து இறங்கியது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் ஓட ஆரம்பித்தது 1879-இல்தான், ஆகவே துறைமுகத்திலிருந்து வில்லியனூர் வரை மாட்டுவண்டிப் பாதையில்தான் வந்திருக்க வேண்டும். இறக்கும்போது சுரூபம் கீழே விழுந்தும் உடையவில்லை என்று சொல்லும் கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும். என் பாட்டி அதை ஒவ்வொரு வருஷமும் புதுசாகச் சொல்வதுபோல் சொல்வார்.

வில்லியனூர் சும்மா தேர்ந்தெடுத்த ஊர் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அது பிரெஞ்சு எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் விழுப்புரம் பாதையில், சுற்றிலும் ஆங்கிலேயர் பகுதி கிராமங்கள் ஊடுபாவாக நெய்ததுபோல் கிடக்கும் இடத்தில். பிரெஞ்சு நகரத்துப் பேராலயமான சம்பா கோயிலுக்குள் நுழையத் தயங்கும் கிராமத்துக்காரர்கள் நடந்தே வந்து சேரலாம். ஊரில் ஏற்கெனவே திருக்காமீசுவரர் கோயில் தேர் இருக்கிறது. பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடிக்கும் வழக்கம் அதற்கு உண்டு, இன்றைக்குத் துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். தேர் பார்க்கவும் திருக்குளத்தில் கால் நனைக்கவும் பழகின ஊரில் மாதாவுக்கும் ஒரு குளம், ஒரு கொடியேற்றம், ஒரு தேர். குளத்தில் லூர்து நகரின் ஊற்றுத் தண்ணீரைக் கலக்கிறார்கள். ஈஸ்டரை ஒட்டி நடக்கும் திருவிழாவில் குளத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் பாதிக்கு மேல் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், இல்லை. மஞ்சள் புடவை கட்டி மொட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

1886 மே மாதத்தில், பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ) பெயரால் அந்தச் சுரூபத்துக்கு முடி சூட்டினார்கள். லவுவெனானுக்குப் பேராயர் பட்டம் வந்தது அதற்கு நாலு மாதம் கழித்து.

பதவி

அந்த ஞான ஆதரவு உரிமைச் சண்டையை முடிக்கப் போர்த்துக்கலோடு ரோமாபுரி 1886 ஜூனில் உடன்படிக்கை செய்தது. செப்டம்பர் முதல் தேதி பாப்பரசர் ஆணை வந்தது. கோவா, ஆக்ரா, பம்பாய், வராப்புழை, கல்கத்தா, சென்னை, புதுச்சேரி, இலங்கையின் கொழும்பு என்று பேராயங்களை வகுத்து, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் முறையான ஆயர் ஆட்சியை நிறுவினார்கள். எங்கள் பாட்டி தலைமுறையின் சொல்லில் சொன்னால், மேற்றிராணியார் (ஆயர்) அதிமேற்றிராணியார் (பேராயர்) ஆனார். வயது 63. துருக்கிப் பட்டம் போயிற்று, சொந்த ஊர்ப் பட்டம் வந்தது.

புதுச்சேரியின் கீழ் மைசூர், கோயம்புத்தூர். 1888-இல் மலாக்கா மறைமாவட்டத்தை மீண்டும் நிறுவியபோது அதையும் புதுச்சேரி மாகாணத்தில் சேர்த்தார்கள். சிங்கப்பூர், மலாயா ஆயருக்கு மேலே புதுச்சேரிப் பேராயர்! இரண்டு இடத்திலும் வேலை செய்தது அதே பாரிஸ் சபை என்பதுதான் காரணம்.

பிறகு அவர் ரொம்ப நாள் இல்லை. உடம்பு முடியாமல் பிரான்சுக்குத் திரும்பி, 1892 செப்டம்பரில், எழுபதைத் தொடுவதற்குச் சில வாரம் இருக்கையில் இறந்தார். இந்தியாவுக்கு வந்ததிலிருந்து கணக்குப் போட்டால் 46 வருஷம். அதில் பேராயராக ஆறே வருஷம்.

அவர் எழுதியதும் எழுதாததும்

பிராமண சமயத்துக்கும் யூத, கிறிஸ்தவ சமயங்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அவர் பிரெஞ்சில் இரண்டு பெரிய தொகுதி எழுதி 1884-85-இல் புதுச்சேரியிலேயே அச்சிட்டார். பாரிஸில் அதற்கு மதிப்பும் கிடைத்தது. இங்குள்ள உயர்ந்த கருத்துகள் மேற்கிலிருந்து வந்தவை என்று நிறுவப் பார்க்கும் வாதத்தை இன்று எந்த ஆராய்ச்சியாளரும் ஏற்க மாட்டார். எனக்கு உறுத்துவது அது அல்ல. பஞ்சம் முடிந்து ஆறேழு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் வாசலுக்கு வந்த சனத்தில் மிகப் பெரும்பாலோர் சேரிக்காரர்கள். அவர் உட்கார்ந்து எழுதிய பெரிய புத்தகமோ பிராமணர் சமயத்தைப் பற்றி.

சேரிச் சனத்தைப் பற்றிய கேள்வி கோயிலுக்குள் புதிதும் இல்லை. சம்பா கோயிலின் முந்தைய கட்டடத்தில் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றதையும், 1745-இல் அவர்கள் போய் முறையிட்டபின் அது இடிபட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். லவுவெனான் ஆயராக இருந்த காலத்திலேயே ஊரில் எவ்வளவு நடந்தது! 1873-இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியர்போல் ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போய், தண்டனை வாங்கி, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். 1881-இல் சாதி வழக்கத்துக்குரிய தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வரலாம் என்று ஆணை வந்தது. ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் போதும். பொன்னுத்தம்பி 'லாபோர்த்' ஆனார், அதாவது வாசல்.

ஆனால் அந்த வாசல் பிரெஞ்சு எல்லைக்குள் இருந்தவர்களுக்குத்தான். முள்ளோடைக்கு இந்தப் பக்கம் கடலூரில் இருந்த வேதக்காரருக்கு அது கிடையாது. ஒரே பேராயர், ஒரே பூசை, இரண்டு சட்டம்.

பஞ்சத்தில் வந்தவர்களுக்கும் அதற்கு முன்பே வேதத்தில் இருந்த சாதிக்காரர்களுக்கும் இடையில் கோயிலுக்குள் யார் எங்கே உட்காருவது, தேர் எந்தத் தெரு வழி போவது, எந்தக் கல்லறை யாருக்கு என்ற சிக்கலை அவர் தீர்த்துவிட்டுப் போகவில்லை. நூறு வருஷம் தாண்டியும் அது ஓயவில்லை. 2008 மார்ச்சில் இதே உயர்மறைமாவட்டத்தின் இறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அப்போது பேராயராக இருந்தவர் அந்தோணி ஆனந்தராயர். 2022-இல் மீரட் ஆயர் பிரான்சிஸ் கலிஸ்ட் புதிய பேராயராக வந்தபோது, தலித் ஒருவரை ஏன் நியமிக்கவில்லை என்று கருப்புக் கொடி பிடித்தார்கள். சனத்தில் பெரும்பகுதி யார் என்பதையும் நாற்காலியில் யார் என்பதையும் வைத்து எழுப்பிய கேள்வி அது. தாது வருஷத்தில் யார் யார் வந்தார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும்.

கடலூர் சேர்ந்த கதை

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1899-இல் தெற்கே கும்பகோணத்தைப் பிரித்தார்கள். 1930-இல் சேலம் பிரிந்தது. காந்தி (இவர் பிரெஞ்சுக்காரர், ழோசேப் அதோல்ஃப் காந்தி, நம் காந்தியோடு குழப்ப வேண்டாம்), மொரேல், கொலாஸ் என்று பிரெஞ்சுப் பேராயர்கள் வரிசையாக வந்தார்கள். ரயில் நிலையத்துக்கு எதிரில் நிற்கும் திரு இருதய ஆண்டவர் கோயில் காந்தி ஆண்டகை காலத்தது.

1947-இல் நிலைமை வேடிக்கையாகிவிட்டது. தென்னாற்காடு சுதந்திர இந்தியாவில். பேராயர் வீடு பிரெஞ்சு எல்லைக்குள். கடலூர், விழுப்புரம், திண்டிவனம் பங்குக்காரர்களின் ஆண்டகை வெளிநாட்டில் குடியிருக்கும் வெளிநாட்டவர். கடலூர்ப் பக்கத்திலிருந்து ஆண்டகையைப் பார்க்கப் போகிறவர் சுங்கச் சாவடி தாண்டிப் போக வேண்டும். இந்தச் சிக்கலுக்கு நடுவில்தான் 1953 ஆகஸ்டில் ரோமாபுரி பெயரை மாற்றியது: புதுச்சேரி - கடலூர். அதே வருஷம் மலாக்கா தனிப் பேராயமாகிப் புதுச்சேரி மாகாணத்தை விட்டுப் போனது. கடல் தாண்டி இருந்தது கழன்றுகொண்டது, பக்கத்தில் இருந்தது பெயரில் ஏறியது.

1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் கொடுத்தார்கள். மறு வருஷம் கொலாஸ் ஆண்டகை விலக, அம்புரோஸ் ராயப்பன் பேராயரானார். உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதே தலையாய வேலை என்று சொல்லி அந்தச் சபை 1776-இல் பொறுப்பேற்ற இடத்தில், முதல் இந்தியப் பேராயர் உட்கார 179 வருஷம் ஆயிற்று.